எபேசஸ், பிரியீனி, டிடிமா: குழுவோடு இடிபாடு பார்க்கப் போகிறவர்களுக்கு

துருக்கியின் மேற்குக் கரையில் இருக்கும் பழைய கிரேக்க, ரோமானிய ஊர்களைக் குழுவாகப் போய்ப் பார்க்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். எபேசஸில் உங்களை எத்தனை மணி நேரம் விடுகிறார்கள்? எத்தனை ஊர், எத்தனை நட்சத்திர ஓட்டல், இரவுச் சாப்பாடு சேர்த்தா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். நான் முதல் தடவை போனது ஜூலை மாதம், ஒன்பது நாள் பேக்கேஜ். காலையில் ஒரு தோல் ஆடைக் கடையில் ஒன்றரை மணி நேரம், அடுத்து ஒரு பீங்கான் கடையில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, எபேசஸ் வாசலில் பன்னிரண்டரை மணி வெயிலில் இறக்கிவிட்டார்கள். ஒரு மணி பத்து நிமிடம் கொடுத்தார்கள். நூலகத்தின் முன்னால் ஒரு படம் எடுத்தேன், அரங்கத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், அவ்வளவுதான். அவ்வளவு பணமும் நேரமும் செலவழித்து அந்த ஊரைப் பார்க்காமலே திரும்பி வந்த வருத்தத்தில்தான் மூன்று வருடம் கழித்து மறுபடி போனேன். இந்தக் கட்டுரை இரண்டாவது பயணத்திலிருந்து வருகிறது.

கிரேக்க இடிபாடு பார்க்கத் துருக்கிக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஏஜியன் கடலின் இரண்டு கரையிலும் கிரேக்கர்கள் வாழ்ந்தார்கள். கிழக்குக் கரையின் நடுப்பகுதிக்கு அயோனியா என்று பெயர். எபேசஸ், பிரியீனி, மிலேட்டஸ் மூன்றும் அயோனிய நகரங்கள். நம் சங்கப் பாடல்களில் வரும் யவனர் என்ற சொல்லின் வேர் இந்த அயோனியாதான்: பாரசீகர்கள் இவர்களை யௌன என்றார்கள், அது வடக்கே யவன ஆகி, நம்மிடம் யவனர் என்று வந்து சேர்ந்தது. மிளகு வாங்க முசிறிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ரோமானிய ஆட்சியில் இருந்த எகிப்திலிருந்து கப்பல் ஏறியவர்கள், அது வேறு கதை. ஆனால் பெயர் பிறந்த மண் இது. இன்னொன்று, கி.மு. 133இல், இந்தக் கரையில் பெரும்பகுதியை ஆண்ட பெர்கமான் நாட்டின் கடைசி மன்னர் மூன்றாம் அட்டலஸ் தன் நாட்டையே ரோமுக்கு உயில் எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். அதனால் இங்கே ஒரே தெருவில் கிரேக்க வேலையும் ரோமானிய வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒரே வாரத்தில் இரண்டையும் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதல் வேலை: பயண நிரலைக் கடிகாரத்தோடு படியுங்கள்

பெரும்பாலான பொதுப் பேக்கேஜ்கள் இஸ்தான்புல், கப்படோக்கியா, பமுக்கலே, குஷாதசி, மறுபடி இஸ்தான்புல் என்று சுற்றும். அதில் எபேசஸுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். நம் ஊர்ச் சபைகள் ஏற்பாடு செய்யும் 'ஏழு சபைகள்' பயணம் இன்னொரு வகை. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஊர்களை வரிசையாகக் காட்டுவார்கள். பக்தியோடு போகிறவர்களுக்கு அது நிறைவான பயணம், ஆனால் பிரியீனியும் டிடிமாவும் அஃப்ரோடிசியாஸும் அதில் பெரும்பாலும் இருக்காது.

இடிபாடுதான் குறி என்றால் நான் சொல்லும் வழி இது. விமானத்தையும் ஓட்டலையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எபேசஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் செல்ச்சுக் ஊரில் தங்குங்கள், அங்கிருந்து கிளம்பும் சிறு குழுக்களில் ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொள்ளுங்கள். இஸ்தான்புல்லிலிருந்து இஸ்மிருக்கு ஒரு மணி நேர விமானம், இஸ்மிரிலிருந்து செல்ச்சுக் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், ரயிலும் உண்டு. குஷாதசியில் தங்கச் சொல்வார்கள், கடற்கரையும் பெரிய ஓட்டல்களும் அங்கேதான். ஆனால் செல்ச்சுக்கில் தங்கினால் காலை எட்டரைக்குள் எபேசஸ் வாசலில் நிற்கலாம், அந்த ஒரு மணி நேரம் பொன். குஷாதசியில் சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாளில் பத்து மணிக்குமேல் எபேசஸின் தெருவில் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? பதினைந்துக்குமேல் போனால் கைடு பேசுவது கடைசியில் நிற்பவருக்குக் கேட்காது, காதில் மாட்டும் ஹெட்செட் தருகிறார்களா? கடை நிறுத்தங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம்? 'கட்டாயமில்லை' என்று பதில் வந்தால், இறங்காதவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். நுழைவுச்சீட்டு சேர்த்தா? எபேசஸுக்குள் இருக்கும் மாடி வீடுகளுக்குத் தனிச் சீட்டு, அது சேர்த்தா? வழிகாட்டிக்கு உரிமம் இருக்கிறதா? துருக்கியில் உரிமம் இல்லாதவர் கைடு வேலை செய்வது சட்டப்படி குற்றம். உரிமம் உள்ளவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்.

நேரக் கணக்கு என் அனுபவத்தில் இப்படி: எபேசஸுக்கு மாடி வீடுகளோடு நான்கு மணி நேரம், பெர்கமான் மலைக்கோட்டைக்கு மூன்று, பிரியீனிக்கு இரண்டு, மிலேட்டஸுக்கு ஒன்றரை, டிடிமாவுக்கு ஒன்று, அஃப்ரோடிசியாஸுக்கு மூன்றரை, பமுக்கலேயின் வெள்ளைப் பாறைகளும் அதன் மேலே இருக்கும் பழைய ஊரான ஹியராபொலிஸும் சேர்த்து அரை நாள். நிரலில் இதில் பாதிகூட இல்லையென்றால் அந்தக் குழுவை விட்டுவிடுங்கள்.

விசா, மாதம், காசு

இந்தியக் கடவுச்சீட்டு என்றால், செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டன் அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால்தான் இணையத்தில் எடுக்கும் மின்விசா. இல்லாவிட்டால் விண்ணப்பித்துக் கடவுச்சீட்டில் ஒட்டி வாங்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். விதிகள் மாறும் என்பதால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். இந்த மாதங்களில் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் நம் ஊர் வெயில்தானே என்று நினைக்காதீர்கள், வெள்ளைப் பளிங்குத் தரை வெயிலை முகத்துக்குத் திருப்பி அடிக்கும், ஒதுங்க நிழல் இருக்காது. ஏப்ரலில் போனால் கற்களுக்கு நடுவே சிவப்புப் பாப்பிப் பூக்கள் இருக்கும். மிலேட்டஸில் மட்டும் மழைக்காலத்துத் தண்ணீர் வடிந்திருக்காது, சந்தைத் திடல் குளமாக நிற்கும், தவளைச் சத்தம் கேட்கும்.

வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் கணிசமானது, அடிக்கடி ஏறுகிறது. நான்கைந்து இடங்களுக்குமேல் போவதானால் ஏஜியன் பகுதிக்கான அருங்காட்சியகப் பாஸ் லாபமா என்று கூட்டிப் பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு வாரம்: கல்லைப் படிக்கப் பழகுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தப் பகுதி என்று நினைக்கிறேன். ஒன்றும் தெரியாமல் போனால் மூன்றாவது நாள் எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரியும், குழுவில் பாதிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டார்கள். பார்த்திருக்கிறேன். நம் கோயிலில் தூணைப் பார்த்ததும் போதிகையை வைத்து இது சோழர் காலம், இது நாயக்கர் காலம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அதே கண்தான் இங்கேயும் வேண்டும். அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும்.

தூணின் தலையில் இருந்து தொடங்குங்கள். வெறும் தட்டு மாதிரி ஒன்றும் செதுக்காமல் இருந்தால் டோரிக். இரண்டு பக்கமும் ஆட்டுக்கிடாய்க் கொம்பு போலச் சுருண்டிருந்தால் அயோனிக், இந்த ஊர்களின் சொந்தப் பாணி இதுதான். இலை இலையாக விரிந்திருந்தால் கொரிந்தியன், ரோமானியர்களுக்கு அதில் ஆசை அதிகம். அடுத்தது அரங்கம். கிரேக்கர்கள் மலைச்சரிவைக் குடைந்து இருக்கை அமைத்தார்கள், வடிவம் அரைவட்டத்தைத் தாண்டிக் குதிரை லாடம் போல உள்ளே வளையும். ரோமானியர்கள் மேடைக்குப் பின்னால் இரண்டு மூன்று அடுக்குக்கு அலங்காரச் சுவர் எழுப்பினார்கள். நீங்கள் பார்க்கும் அரங்கங்களில் பாதி, கிரேக்கர் கட்டி ரோமானியர் மாற்றியது.

பளிங்குக் கற்களின் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதைக் குண்டு துளைத்தது என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லையும் கல்லையும் இணைக்க இரும்புக் கவ்வி வைத்து, சுற்றி ஈயம் காய்ச்சி ஊற்றுவார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த இரும்புக்காகவும் ஈயத்துக்காகவும் கல்லைத் தோண்டினார்கள், அந்தத் தழும்புதான் அது. குளியல் மண்டபத்தில் தரைக்கு அடியில் குட்டை குட்டையாகச் செங்கல் தூண்கள் வரிசையாகத் தெரிந்தால், அதன் நடுவில் சூடான காற்று ஓடித் தரையைச் சுடவைத்தது என்று அர்த்தம். தூணில் மேலிருந்து கீழாகப் பள்ளக் கோடுகள் இல்லாமல் மழமழவென்று இருந்தால், பெரும்பாலும் வேலை முடியவில்லை. தூணை நிறுத்திய பிறகுதான் கோடு போடுவார்கள்.

அப்புறம் நான்கு சொற்கள்: அகோரா என்றால் சந்தைத் திடல், ஸ்டோவா என்றால் தூண்கள் தாங்கும் நீண்ட தாழ்வாரம், புலூட்டரியன் என்றால் நகர மன்றம் கூடும் இடம், நிம்ஃபியம் என்றால் அலங்கார நீரூற்று. இவை தெரிந்தால் கைடு எவ்வளவு வேகமாகப் பேசினாலும் கூடவே போகலாம்.

பையில் என்ன

ரப்பர் அடியுள்ள, பழகிய ஷூ. செருப்பு கூடாது. இரண்டாயிரம் வருடமாகக் கால் பட்டுத் தேய்ந்த பளிங்கு, லேசான தூறலில் சோப்புத் தண்ணீர் ஊற்றியது மாதிரி வழுக்கும். அகல விளிம்புத் தொப்பி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலையோ பேரீச்சையோ. கழிப்பறை வாசலில்தான், உள்ளே இருக்காது. வாசலிலேயே போய்விட்டு வாருங்கள். ஒரு சின்ன டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள், எதற்கு என்று டிடிமாவில் சொல்கிறேன். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் மடக்குக் கைத்தடி வாங்கிக்கொடுங்கள். பெர்கமான் அரங்கத்திலும் பிரியீனியிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது.

எபேசஸ் நாள்

மேல்வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து போய்க் கீழ்வாசலில் பஸ் ஏறுங்கள். ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர், முழுக்க இறக்கம். எல்லாக் குழுவும் அப்படித்தான் போகும். ஆனால் பஸ் எந்த வாசலில் காத்திருக்கும், எத்தனை மணிக்கு என்பதைக் கைடு சொன்னதும் போனில் எழுதிவையுங்கள். இரண்டு வாசலையும் குழப்பிக்கொண்டு வெயிலில் மேடேறிய ஒரு தம்பதியைப் பார்த்து மனது கஷ்டமாகிவிட்டது.

கைடு பெரும்பாலும் நூலகத்தை நோக்கி ஓட்டிக்கொண்டு போவார். நடுவில் டிரேஜன் நீரூற்றில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பேரரசரின் பெரிய சிலை அங்கே இருந்தது, இப்போது மிச்சம் இருப்பது ஒரு காலும் அருகில் ஓர் உருண்டையும்தான். ஒரு காலை வைத்தே அந்தச் சிலை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று கணக்குப் போடலாம், குழந்தைகள் கூட இருந்தால் அவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும்.

செல்சஸ் நூலகம் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. செல்சஸ் ரோமானிய ஆளுநராக இருந்தவர், அவர் நினைவாக மகன் அக்குவிலா கட்டினார், தந்தையின் உடல் நூலகத்துக்கு அடியிலேயே கல்பேழையில் இருக்கிறது. நாம் பார்க்கும் முகப்பு நிலநடுக்கத்தில் விழுந்து கிடந்தது, 1970களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் துண்டு துண்டாகச் சேர்த்து நிமிர்த்தினார்கள். மாடக்குழிகளில் நிற்கும் நான்கு பெண்கள் நகல்கள், மூலச் சிலைகள் வியன்னாவில். இன்னும் ஒரு விஷயத்தைக் கண்ணால் சரிபாருங்கள்: ஓரத் தூண்களைவிட நடுத் தூண்கள் சற்றுப் பெரியவை, படியும் நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கும். இரண்டு பக்கமும் கட்டிடங்கள் நெருக்கிக்கொண்டிருந்த சின்ன இடத்தில் முகப்பு அகலமாகத் தெரிய வேண்டும் என்று செய்த கண்கட்டு. பக்கத்திலேயே இருக்கும் மூன்று வளைவு வாயிலைக் கட்டியவர்கள் மசேயஸ், மித்ரிடாட்டஸ் என்ற இரண்டு பேர், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். நூலகத்தைப் படம் எடுக்கிற கூட்டத்தில் இந்த வாயிலை யாரும் பார்ப்பதில்லை, எனக்கோ நூலகத்தைவிட இதன்மேல்தான் பிரியம்.

பளிங்குத் தெருவில் ஒரு காலடியும் பெண் உருவமும் கீறியிருப்பதைக் காட்டி, உலகின் முதல் விளம்பரம், விலைமாதர் வீட்டுக்கு வழி என்று கைடு சொல்வார். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நல்ல கைடு என்றால் 'அப்படிச் சொல்வார்கள்' என்று சேர்த்துச் சொல்வார், நான் கைடுகளை எடைபோடுவது இந்த இடத்தில்தான்.

மாடி வீடுகளுக்குப் பணம் கொடுங்கள், தயங்கவே வேண்டாம். கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகைக்குள் பணக்காரர்களின் வீடுகள் சரிவில் அடுக்கடுக்காக இருக்கின்றன, சுவரில் ஓவியம் அப்படியே, தரையில் வண்ணக்கல் கோலம் அப்படியே. ஒரு நீண்ட மேஜையில் உடைந்த பளிங்குத் தகடுகளைப் பரப்பி வைத்துப் பொருத்திக்கொண்டிருப்பார்கள். வெளியே தெரிவது ஊரின் முகம், இங்கேதான் அடுப்படியும் கழிப்பறையும் மாடிப்படியும் தெரிகிறது. குழுவில் யாரும் வரவில்லை என்றாலும் கைடிடம் சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் தனியாகப் போய்விட்டு வாருங்கள், அந்த நேரத்தில் மற்றவர்கள் நூலகத்தில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் பெரிய அரங்கம், ஏறத்தாழ 25,000 பேர் உட்காரலாம். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலுக்கு எதிராக வெள்ளித் தட்டார்கள் கிளப்பிய கலவரம் நடந்தது இங்கேதான். மேலே ஏறிப்போய் உட்கார்ந்து நேர் எதிரே பாருங்கள்: ஒரு அகலமான சாலை அரங்கத்தின் காலடியிலிருந்து கிளம்பிப் புல்வெளியில் போய் முடியும். அது துறைமுகத்துக்குப் போன சாலை. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, ஊரும் செத்துப்போனது. இதை மேலே இருந்து பார்த்தால்தான் புரியும், கீழே நின்று எத்தனை தடவை கேட்டாலும் புரியாது.

பழைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான, ஆர்ட்டெமிஸ் என்ற பெண் தெய்வத்தின் கோயிலுக்குப் பத்து நிமிடம் போதும். சதுப்பு நிலத்தில் ஒட்டுப்போட்டு நிமிர்த்திய ஒரே ஒரு தூண், பருவத்தில் போனால் உச்சியில் நாரைக்கூடு. சாயங்காலம் செல்ச்சுக் அருங்காட்சியகத்துக்குப் போய் ஆர்ட்டெமிஸ் சிலைகளைப் பார்த்துவிடுங்கள். அவள் மார்பில் வரிசையாகத் தொங்குவது முலைகளா, முட்டைகளா, காளையின் விதைகளா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரியீனி, மிலேட்டஸ், டிடிமா: ஒரே நாளில்

இது மூன்றையும் சேர்த்து ஒரு நாள் பயணமாகப் போடுவார்கள். எபேசஸில் கூட்டம் இருக்கும், இங்கே நாம் மட்டும்தான் இருப்போம். எனக்கு மொத்தப் பயணத்திலும் மறக்க முடியாத நாள் இதுதான்.

பிரியீனிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், ஏற்றம் அதிகம். செங்குத்தான பாறைக்குக் கீழே, பைன் மரங்களுக்கு நடுவே, சதுரக் கட்டம் போட்டதுபோல் தெருக்கள் நேர் நேராக ஓடும் சின்ன ஊர். ரோமானியர்கள் இதை அதிகம் தொடவில்லை, அதனால் கிரேக்க ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க இதுதான் இடம். அத்தீனா கோயிலில் ஐந்து அயோனிக் தூண்களை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். அலெக்சாண்டர் தான் இந்தக் கோயிலைக் காணிக்கையாக்கியதாகப் பொறித்த கல்வெட்டு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரங்கத்தின் முன்வரிசையில் ஐந்து பளிங்கு நாற்காலிகள் உண்டு, முக்கியப் பிரமுகர்களுக்கானவை. உட்காரும் முன் குனிந்து அதன் காலைப் பாருங்கள். சிங்கப் பாதம், ஒவ்வொரு நகமும் தனித்தனியாக. முழங்கால் உயரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், அந்த நகத்துக்கு அடியில் உள்ள சதையின் மடிப்பைக்கூடக் கல்தச்சர் விட்டுவிடவில்லை.

மிலேட்டஸில் தத்துவ ஞானி தேலிஸ் பிறந்தார், தத்துவம் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். கி.மு. 494இல் பாரசீகர்கள் அழித்தபின் மறுபடி கட்டிய ஊர். அதன் புகழ்பெற்ற சந்தை வாயில் பெர்லினுக்குப் போய்விட்டது. அரங்கம் மட்டும் மலைபோல நிற்கிறது. இருக்கைகளில் இது யூதர்களுக்கான இடம் என்று கிரேக்கத்தில் பொறித்த வரி ஒன்று உண்டு, கைடிடம் கேட்டால் காட்டுவார். மியாண்டர் ஆறு வளைந்து வளைந்து ஓடுவது உலகப் புகழ், ஐரோப்பிய மொழிகளில் ஆற்று வளைவுக்கே அதன் பெயர்தான். அந்த ஆற்று வண்டல் இந்தத் துறைமுகத்தையும் மூடிவிட்டது.

டிடிமாவில் ஊர் இல்லை, ஒரே ஒரு கோயில். அப்பல்லோ கோயில், குறி கேட்கும் இடம். நூற்றுக்குமேல் தூண்கள் நிறுத்தத் திட்டம், நூற்றாண்டுக் கணக்கில் கட்டினார்கள், கடைசிவரை முடிக்கவில்லை. இன்று முழு உயரத்துக்கு நிற்பவை மூன்று, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 20 மீட்டர். மூன்றில் ஒன்றில் மட்டும் பள்ளக் கோடுகள் இல்லை, இப்போது உங்களுக்குக் காரணம் தெரியும். இருட்டான சரிவுச் சுரங்கப்பாதை வழியாக இறங்கினால் வானம் திறந்த உள்முற்றம் வரும். இங்கேதான் அந்த டார்ச். உள்சுவரின் பளிங்கில் கோயிலைக் கட்டியவர்களே கீறிய வரைபடங்கள் இருக்கின்றன. 1979இல் ஹாசல்பெர்கர் என்ற ஜெர்மன் ஆய்வாளர்தான் கண்டுபிடித்தார், அதுவரை அந்தச் சுவரைக் கடந்து போன யார் கண்ணிலும் படவில்லை. நேராகப் பார்த்தால் வெறும் சுவர். வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், நகத்தால் கீறியது போல மெல்லிய கோடுகள் எழுந்து வரும்: நேர்க்கோடுகள், வட்டத்தின் வில், தூணின் வளைவு. எங்கள் கைடு தன் போன் வெளிச்சத்தை அப்படிச் சாய்த்தபோது குழுவில் பேச்சு நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் சுவரை இழைத்து மெருகிடும்போது இந்தக் கோடுகள் அழிந்துபோயிருக்கும். முடியவில்லை, அதனால் நமக்குக் கிடைத்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழும் நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது, சுவரைத் தொடாதீர்கள்.

பெர்கமானும் பமுக்கலேயும் சுருக்கமாக

பெர்கமான் இஸ்மிருக்கு வடக்கே, பெர்காமா ஊரில். கேபிள் காரில் ஏறிவிட்டு, கால் தாங்கினால் நடந்து இறங்குங்கள். மலைச்சரிவில் கொட்டியதுபோல் இருக்கும் அரங்கத்தின் அடியில், தளத்தில் சதுரக் குழிகள் வரிசையாக இருக்கும். மேடையை மரத்தில் கட்டி, நாடகம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், அதற்கான குழிகள். சியூஸ் பலிபீடம் இருந்த இடத்தில் இப்போது படிகளும் மரங்களும்தான், சிற்பங்கள் பெர்லினில். மருத்துவர் காலன் பிறந்த ஊர் இது, அஸ்க்லெப்பியன் என்ற பழைய மருத்துவக் கோயிலைக் குழுக்கள் சில சமயம் தவிர்த்துவிடும், சேர்க்கச் சொல்லுங்கள்.

பமுக்கலேயில் எல்லோரும் வெள்ளைப் பாறைக் குளங்களில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள், அழகுதான். ஆனால் மேலே ஹியராபொலிஸின் வடக்கே இடுகாடு இருக்கிறது, ஆயிரத்துக்குமேல் கல்லறைகள். வடக்கு வாசலில் இறக்கிவிடச் சொன்னால் அதன் வழியாகவே ஊருக்குள் நடந்து வரலாம். புளூட்டோவின் வாசல் என்ற குகை வாயையும் கேளுங்கள்: உள்ளிருந்து கரியமில வாயு வரும், பழங்காலப் புவியியலாளர் ஸ்டிராபோ, தான் எறிந்த குருவிகள் உடனே விழுந்து செத்ததாக எழுதியிருக்கிறார்.

குழுவுக்குள் எப்படி இருப்பது

கைடுக்குப் பக்கத்தில் நடங்கள். நிறுத்தங்களுக்கு நடுவில் அவர் தன்போக்கில் சொல்வதுதான் பெரும்பாலும் நல்ல விஷயமாக இருக்கும். முதல் நாளே, "ஒவ்வொரு இடத்திலும் கடைசியில் இருபது நிமிடம் எங்களைத் தனியாக விடுவீர்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுங்கள். ஒருவர் தாமதித்தால் அடுத்த இடத்தில் எல்லோருக்கும் அந்த நேரம் குறையும். நாள் முடிவில் கைடுக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் கொடுப்பது வழக்கம்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். மெர்ஜிமெக் என்ற பருப்பு சூப் எங்கேயும் கிடைக்கும், ஆலிவ் எண்ணெயில் செய்த கத்தரிக்காய், பீன்ஸ் வகைகள் உண்டு, கீரையோ உருளையோ வைத்த கோஸ்லெமே நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. 'எத்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கலாம், தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடிபாட்டு வாசலில் பழைய நாணயம் என்று கையில் திணிப்பார்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு, உண்மையாக இருந்தால் சிறை. தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது அங்கே கடுமையான குற்றம். தரையில் கிடக்கும் ஓட்டுச்சில்லையோ கல் துண்டையோ ஞாபகத்துக்கு எடுத்துப் பையில் போடுவதும் அதில் அடங்கும்.

அஃப்ரோடிசியாஸைக் கடைசி நாளுக்கு வையுங்கள்

பமுக்கலேயிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஆகும் என்பதால் குழுக்கள் இதை வெட்டிவிடப் பார்க்கும், விடாதீர்கள். 1958இல் அரா கூலர் என்ற புகைப்படக்காரர் வழிதவறி கெய்ரே என்ற கிராமத்துக்கு வந்தார். ஊர்க்காரர்கள் பழைய தூண்களுக்கும் சிற்பங்களுக்கும் நடுவில் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் படங்கள் வெளியே போனபின், கெனான் எரிம் என்ற தொல்லியலாளர் 1961இல் அகழத் தொடங்கி 1990இல் இறக்கும்வரை இந்த ஊரைவிட்டு விலகவில்லை. அவர் கல்லறை அலங்கார வாயிலுக்கு அருகிலேயே இருக்கிறது, வாயிலைப் படம் எடுக்கும்போது அதையும் ஒரு நிமிடம் பாருங்கள். பக்கத்திலேயே பளிங்குச் சுரங்கம் இருந்ததால் இது சிற்பிகளின் ஊர். முதலில் அருங்காட்சியகம், ரோமானியப் பேரரசர்களை வழிபடக் கட்டிய செபாஸ்டேயான் என்ற வளாகத்தின் புடைப்புச் சிற்பங்கள் ஒரு கூடம் நிறைய இருக்கின்றன.

அங்கிருந்து விளையாட்டரங்கத்துக்குப் போக மறக்காதீர்கள். சற்றுத் தள்ளி, வழியிலிருந்து விலகி இருப்பதால் நேரமில்லை என்று கைடு சொல்லக்கூடும், போயே ஆக வேண்டும் என்று சொல்லுங்கள். 260 மீட்டருக்குமேல் நீளம், ஏறத்தாழ 30,000 பேர் உட்காரும் இருக்கைகள், இரண்டு முனையும் வளைந்து மூடியிருக்கும், கிட்டத்தட்ட முழுதாக அப்படியே இருக்கிறது. நாங்கள் போன மத்தியானத்தில் உள்ளே எங்கள் பதினோரு பேரைத் தவிர யாரும் இல்லை. புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது, ஒரு முனையில் கைடு சாதாரணக் குரலில் பேச, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கேட்டோம்.